ஒரு வரி கீழே

கறுப்பு வெள்ளையில் பொடிப்பொடியாகக் கட்டம் போட்ட ஒரு சதுரம். இளநீர் வண்டியில் தொங்குகிறது, கோயில் உண்டியல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 2018-ல் நம் பள்ளிப் பாடப் புத்தகத்துக்குள் நுழைந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 300 மருந்து பிராண்டுகளுக்கு பார்கோடோ இதுவோ கட்டாயம் என்று சட்டமே வந்துவிட்டது.

க்யூ.ஆர். கோடு என்கிற இந்தச் சமாசாரத்தை 1994-ல் உருவாக்கியவர் ஜப்பானில் டென்ஸோ கம்பெனியைச் சேர்ந்த மஸாஹிரோ ஹாரா. கார் உதிரி பாகங்களைக் கணக்கு வைத்துக்கொள்ளத்தான். மத்தியான இடைவேளையில் 'கோ' விளையாடும்போது கறுப்பு வெள்ளைக் காய்களைப் பார்த்து ஐடியா வந்ததாம். (நம் ஆபீஸ்களில் கேரம் ஆடுகிறவர்களுக்கு ஏன் ஒன்றும் தோன்றுவதில்லை என்று கேட்காதீர்கள்.)

ஒரு கோடு செய்ய அரை நிமிஷம் போதும். மொத்தமாக நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் எக்ஸெல்லில் பட்டியல் தயார் செய்ய வேண்டும். வரிக்கு ஒரு கோடு. பட்டியலைக் கொடுத்தால் மென்பொருள் தோசை வார்ப்பதுபோல வார்த்துத் தள்ளிவிடும். வினையே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

புறநானூற்றுக் குமணன், புலவருக்காகத் தலையையே கொடுக்க முன்வந்த வள்ளல். எங்கள் குமணன்சாவடியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் அண்ணனும் போன வருஷம் ஒரு வேலைக்குத் தலையைக் கொடுத்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு 840 அடையாள அட்டை. ஒவ்வொன்றிலும் க்யூ.ஆர். குழந்தை வழி தவறிவிட்டால், யாராவது ஸ்கேன் செய்தால் போதும், 'டயல் பண்ணவா?' என்று போன் கேட்கும். அந்தப் பக்கம் அப்பாவோ அம்மாவோ எடுப்பார்கள். நல்ல ஏற்பாடு. திங்கட்கிழமை டெலிவரி.

"தம்பி, நீங்க பி.காம்.தானே? இந்த ஃபைலைக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட்டார்.

பார்த்தேன். முதல் கோளாறு ஈ. நிஜமாகவே ஈ! ப்ளஸ் 91 போட்டு செல் நம்பர் அடித்தால், எக்ஸெல் அதைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு ப்ளஸ்ஸை விழுங்கிவிடும். மிச்சமிருக்கிற 12 இலக்கத்தை 9.19 என்று சுருக்கி, பக்கத்தில் ஒரு ஈ உட்கார்ந்து, ப்ளஸ் 11 என்று காட்டும். அப்படியே சி.எஸ்.வி. ஃபைலாக சேமித்தால் அந்த ஈயோடுதான் சேமிக்கும். மீதி இலக்கங்கள் கோவிந்தா. அடிப்பதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டால் ஈ அண்டாது.

இரண்டாவது, கடைசி வரி. 840-வது பையனுக்குப் பெயர் இருந்தது, நம்பர் இல்லை.

"அந்தப் பையன் வீட்ல போன் இல்லை போல" என்றார் அண்ணன்.

பி.காமில் ஆடிட்டிங் என்று ஒரு பேப்பர். பாஸானதும் மறந்துவிடுகிற ரகம். ஆனால் அதில் ஒரு பாடம் மட்டும் போகாது: மொத்தம் ஒன்று குறைந்தால் கடைசியில் தேடாதே, நடுவில் தேடு. பெயர்கள் ஒரு லிஸ்டிலிருந்தும் நம்பர்கள் வேன் ஃபீஸ் லிஸ்டிலிருந்தும் வந்திருந்தன. யாரோ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

"அண்ணே, உங்க பொண்ணும் அங்கதானே படிக்குது? அவ அட்டையை ஸ்கேன் பண்ணுங்க."

சாம்பிளுக்கு அடித்து வைத்திருந்ததை எடுத்து என் போனில் ஸ்கேன் செய்தார். சட்டைப் பாக்கெட்டில் அவர் போன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. "அலோ, யாருங்க?" என்று ஒரு பெண்குரல். பின்னால் குக்கர் விசில்.

"ராங் நம்பருங்க" என்று வைத்தவர், கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ட்ரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களுக்கு நடுவே பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன. தினமும் அந்த ரோட்டில்தான் அவர் பெண் வேனில் போகிறாள்.

212-வது வரியில் ஒரு நம்பர் விடுபட்டிருந்தது. அதற்குக் கீழே எல்லாக் குழந்தைக்கும் அடுத்த குழந்தையின் அப்பா! எக்ஸெல் எந்த எச்சரிக்கையும் கொடுக்கவில்லை. அதன் கண்ணுக்கு அது நேர்த்தியான பட்டியல்தான். இங்கிலாந்திலேயே 2020-ல் பழைய எக்ஸெல் ஃபைலில் வரிகள் தீர்ந்துபோய், கிட்டத்தட்ட 16,000 கொரோனா நோயாளிகள் கணக்கில் வராமல் போனார்கள்.

பள்ளியிலிருந்து அட்மிஷன் நம்பரோடு இரண்டு லிஸ்டையும் திரும்ப வாங்கினோம். 'வி-லுக்கப்' போட்டு, அட்மிஷன் நம்பரை வைத்துப் பெயரையும் போனையும் சேர்த்தோம். படங்களுக்கும் அந்த நம்பரையே பெயராக வைத்தோம். குழந்தை பெயரை வைத்தால், ஐந்து கார்த்திக் இருக்கிற பள்ளியில் கடைசிக் கார்த்திக் மற்ற நாலு பேரையும் அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்வான். வீட்டு விலாசத்தையும் போடச் சொல்லியிருந்தார்கள். வேண்டாமென்றேன். க்யூ.ஆர். என்பது பூட்டு இல்லை, போன் வைத்திருக்கிற எவனும் படிக்கலாம்.

இந்தக் கட்டத்துக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. தரத்தைக் கூட்டி வைத்தால், 30 சதவீதம் வரை கிழிந்தாலும் அழுக்கானாலும் உள்ளே இருப்பதை மீட்டுச் சொல்லிவிடும். ஆனால் தப்பான நம்பரைப் போட்டால் அந்தத் தப்பையும் அதே அக்கறையோடு மீட்டுச் சொல்லும்.

ஞாயிறு ராத்திரி பதினொன்றுக்கு, பட்டியலில் அங்கங்கே பொறுக்கி 40 அட்டைகளை ஸ்கேன் செய்து பள்ளி லிஸ்டோடு ஒத்துப் பார்த்தோம். அண்ணன் தன் பெண்ணின் அட்டையை மட்டும் மூன்று தடவை.

உங்கள் வீட்டில், அண்ணன் குழந்தையோ அக்கா குழந்தையோ, கழுத்தில் இப்படி ஒரு அட்டை தொங்கினால் இன்றைக்கே ஒரு தடவை ஸ்கேன் பண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டில் மணி அடிக்கிறதா? சந்தோஷம். வேறு வீட்டில் குக்கர் விசில் கேட்டால், உடனே பள்ளிக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.