இந்திக்காரர்களின் மொழி

ஓசூரில் பிழைக்க நான்கு மொழிகளும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தால் போதும். காய்கறிக்காரரிடம் தெலுங்கு, பெங்களூர் பஸ்ஸில் கன்னடம், கறிக்கடையில் உருது, தாலுகா ஆபீஸில் தமிழ். 1970களில் சிப்காட் வந்தபிறகு வேலை தேடி வந்தவர்கள் எல்லாம் இந்தக் கலவையில் கரைந்துபோனார்கள். ஆனால் சமீப வருடங்களில் வந்தவர்களுக்கு மட்டும் ஊர் ஒரே பெயரை வைத்திருக்கிறது: 'இந்திக்காரங்க'.

அவர்களில் கணிசமானோர் ஜார்கண்ட், ஒடிசா பழங்குடியினர். ஓசூர் பக்கம் வரும் ஐஃபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்வார்கள், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் என்று 2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் சொன்னார். அந்தச் சோட்டாநாக்பூர் மண்ணில் கிறிஸ்தவம் பழையது. கோஸ்னர் சபையின் ஜெர்மானிய மிஷனரிகள் 1845இல் ராஞ்சிக்கு வந்தார்கள். பெல்ஜிய இயேசு சபைத் துறவி கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885இல் வந்தார். கும்லாவிலிருந்து இங்கே வரும் பெண் பல தலைமுறை விசுவாசத்தோடுதான் ரயில் ஏறுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தேடுவது ஒரு கோயிலை.

கிருஷ்ணகிரி மாவட்டம் அடங்கிய தருமபுரி மறைமாவட்டம் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது. இங்கே ஒரு பங்கில் வெளிமாநிலத்தவருக்காக இந்திப் பூசை வைக்கிறார்கள். பூசை முடிந்ததும் பக்கத்து ஹாலில் வங்கி, ஆதார் படிவங்கள் நிரப்ப உதவி செய்வார்கள். ஆபீஸில் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு நானும் அவ்வப்போது போய் உட்காருவேன். ஒருநாள் ஒரு பெண்ணிடம், வீட்டிலும் இந்திதானா என்று கேட்டேன்.

"இல்ல பையா, குடுக்" என்றாள். கண்ணைத் தொட்டு ஒரு சொல் சொன்னாள். தொண்டையில் உரசும் ககரத்தோடு, கிட்டத்தட்ட 'கன்'. அப்புறம் விரல்விட்டு எண்ணினாள். மூன்றுக்கு 'மூந்த்', நான்குக்கு 'நாக்'.

ஒராவோன் மக்களின் குடுக், தமிழ் போல ஒரு திராவிட மொழி. இத்தனை நாளாக இந்திக்காரி என்று ஊர் ஒதுக்கி வைத்திருப்பது தமிழின் தூரத்துச் சொந்தத்தை. அவளுக்கும் இந்தி பள்ளிக்கூடத்தில் கற்ற மொழிதான். இந்திப் பூசை அவசியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால் கோயிலும் ஊர் வைத்த பெயரைத்தான் திரும்பச் சொல்கிறது.

தாய்மொழியில் செபிக்க இடம் கேட்பது பிரிவினை என்று நினைப்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கலாம். அங்கே ஓஃபிர் சாலையில் இருக்கும் லூர்து மாதா கோயில் 1888இல் முக்கியமாகத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்தது. அன்று வந்தேறிகள் நாம். வந்தவர்களை அவர்கள் மொழி தெரிந்த குருக்களே கவனிக்க வேண்டும் என்பதை 1952இல் பன்னிரண்டாம் பயஸ் தன் மடலில் நெறிமுறையாகவே வகுத்தார்.

மொழி தெரிந்த ஆள் தேவைப்படுவது செபத்துக்கு மட்டுமில்லை. அந்தப் பெண்ணுக்கு ஒடிசாவின் சுந்தர்கட் பையனோடு கல்யாணம் பேசியிருந்தார்கள். கத்தோலிக்கத் திருமணத்துக்கு ஞானஸ்நானச் சான்றிதழைப் புதிதாக வாங்க வேண்டும். பழையது வீட்டில் இருந்தாலும் செல்லாது. ஒருவரின் திருமணம் எங்கே நடந்தாலும் அது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பங்கின் பதிவேட்டில் குறிக்கப்படும். ஏற்கெனவே கல்யாணம் ஆனதா என்பதற்குச் சாட்சி அந்தப் பக்கம்தான். டேட்டாபேஸ்காரனான எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்தது. நெட்வொர்க் இல்லாத காலத்திலேயே ஒரு மனிதரின் மூலப்பதிவு ஒரே இடத்தில் இருந்திருக்கிறது. ஆனால் பத்து மணிநேர ஷிஃப்ட்டில் நிற்கிறவள் 2,000 கிலோமீட்டர் தாண்டி இருக்கும் பதிவேட்டை எப்படி எட்டுவது? விடுப்பு எடுத்தால் சம்பளம் போகும், வேலையும் போகலாம்.

அந்த ஹாலில் சிம்டேகாவிலிருந்து வந்த ஒரு கன்னியாஸ்திரி உண்டு. அவர் ஊர்ப் பங்குக்கு போன் போட்டு சாத்ரியில் பேசினார். தகப்பன் பெயர், ஊர், வருடம் எல்லாம் சொன்னார். நடுவில் சிரித்தார். மூன்று வாரத்தில் தபால் வந்தது.

2023 மார்ச்சில், வடமாநிலத் தொழிலாளிகளைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்தவர்கள் அப்போது முதலில் தேடியிருப்பது யாரை? நம்பிப் பேச ஒரு ஆளை. பல பண்பாட்டு மையம் என்று பலகை மாட்டுவது சுலபம். அந்தப் பலகைக்குக் கீழே சாத்ரி, குடுக், முண்டாரி பேசும் ஒருவர் போனை எடுக்கிறாரா என்பதுதான் கேள்வி. கூடவே தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வருகிற நம் ஆட்கள், வாசலில் நிற்கும் அந்தப் பெண்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: வீட்டுல என்ன பாஷைம்மா பேசுவீங்க?