இரட்டைக் குழாயும் பக்கத்து வீட்டுத் தூக்கமும்

காரை எல்லோரும் கண்ணால் வாங்குகிறோம். எக்ஸாஸ்ட்டை மட்டும் காதால்தான் வாங்க வேண்டும். கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில், 2016 மஸ்டாங் ஜிடி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 5.0 லிட்டர் வி8, 435 குதிரைசக்தி. ஓட்டத்தில் குறையே இல்லை. ஆனால் கம்பெனி சைலன்சர் ரொம்ப அடக்கம். பதினோரு வருஷமாக இந்த ஊரில் மீட்டிங்கில்கூடக் குரலை உயர்த்தாமல் காலம் தள்ளியவனுக்கு, வண்டியாவது கொஞ்சம் உரக்கப் பேசட்டுமே என்று ஆசை.

"சம்பளத்தைப் புகையா விடறதுக்கு ஒரு குழாய் பத்தாதா?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்விதான். நாலு சிலிண்டர் கார்களில் பின்னால் தெரியும் இரண்டு வாய்களுக்கும் பெரும்பாலும் உள்ளே ஒரே குழாய்தான். அது நகை. வி8 அப்படி இல்லை. பக்கத்துக்கு நாலு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு புகைவழி. இரண்டரை அங்குலக் குழாய் இரண்டின் வேலையை ஒற்றைக் குழாய் செய்ய வேண்டுமானால், அது மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். தாழ்ந்த காரின் அடியில் அதற்கு இடம் தேடுவது கஷ்டம். கேடலிடிக் கன்வெர்ட்டரில் கை வைக்க இங்கே சட்டம் விடாது. அதற்குப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம், 95 டெசிபலுக்குள். அதனால் கூடும் சக்தி சொற்பம். காசு கொடுப்பது சத்தத்துக்குத்தான்.

அந்தச் சத்தத்தைத் தீர்மானிப்பது இரு குழாய்களும் நடுவில் எப்படிச் சேர்கின்றன என்பது. இந்த எஞ்சினில் ஒரு பக்கத்து சிலிண்டர்கள் சீரான இடைவெளியில் வெடிப்பதில்லை. அமெரிக்க வி8-இன் குடுகுடுப்பு அங்கிருந்துதான் வருகிறது. எக்ஸ் வடிவ இணைப்பு இரு பக்கத்தையும் நன்றாகக் கலந்துவிடும். குரல் மெலிந்து கூர்மையாகும். ஹெச் வடிவத்தில் குறுக்கே ஒரு பாலம் மட்டும். கரகரப்பு தங்கிவிடும். எனக்கு ஹெச்.

அடுத்த தலைவலி ரீங்காரம். ஹைவேயில் 2,000 ஆர்பிஎம்மில் போகும்போது வி8 வினாடிக்குச் சுமார் 133 முறை வெடிக்கிறது. கார் அறை அதே சுருதியில் சேர்ந்துகொண்டால், அரை மணி நேரத்தில் மண்டை கனத்துவிடும். அதனால் ரெசனேட்டரைக் கழற்றக் கூடாது என்று முடிவு செய்தேன்.

யூடியூப் வீடியோக்கள் எல்லாம் முழு ஆக்ஸிலரேட்டரில் எடுத்தவை. ஆனால் ஊர் கேட்பது காலையில் வண்டி கிளம்பும் சத்தத்தை. கன்வெர்ட்டர் சூடாகும்வரை எஞ்சின் வேகமாகவே சுற்றும். பக்கத்து வீட்டு அம்மா நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து எட்டு மணிக்குப் படுப்பார். நான் கிளம்புவது எட்டரைக்கு. அவர் ஜன்னலுக்கும் என் டிரைவ்வேக்கும் பன்னிரண்டு அடி. ஃபோர்டு பொறியாளர் ஒருவரின் மஸ்டாங் சத்தத்துக்கே அக்கம்பக்கத்தார் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2018 மாடலில் வந்த அமைதித் தொடக்கம். 82 டெசிபலை 72 ஆக்கும். என் வண்டியில் அந்த வால்வு கிடையாது.

மலைச்சாலையில் எழும் முழக்கம் நான் விரும்பிக் கேட்பது. காலைச் சத்தம் அவர் வேறு வழியில்லாமல் கேட்பது. காலைச் சத்தத்தை வைத்தே மஃப்ளரைத் தேர்ந்தெடுத்தேன், இருந்ததிலேயே பெரியதாக.

நைல்ஸ் கேன்யனில் மூன்றாவது கியரில் மிதித்தால், பாறைகள் அந்தக் குரலைத் திருப்பித் தருகின்றன. அது எனக்குப் போதும். ஒரு மாதம் கழித்து நர்ஸம்மாவிடம், "புது எக்ஸாஸ்ட் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டேன்.

"எப்ப மாத்தினீங்க?" என்றார்.

சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும்.