சுன் லிங்ஃபெங் அவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பயிற்சியாளர் சுன் லிங்ஃபெங் அவர்களுக்கு,

எங்கள் பக்கம் பேஸ்பால் ஆடுகிறவர்கள் அபூர்வம். ஷூ ஹுய்ஜிங் இயக்கிய 'டஃப் அவுட்' (2020) ஆவணப்படத்தின் வழியாகத்தான் உங்களைத் தெரியும். விதிகள் பாதி புரியாமலே கடைசிவரை பார்த்தேன்.

பிறகு சீன தேசிய அணிக்காக நீங்கள் ஆடிய பழைய ஆட்டங்களைத் தேடினேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக், தைவானுடன் 12-வது இன்னிங்ஸ். அவர்கள் நான்கு ரன் எடுத்து 7-3 என்று முன்னே போய்விட்டார்கள். மிச்சமிருந்த பாதியில் உங்கள் அணி ஐந்து எடுத்து 8-7 என்று முடித்தது. அந்த ஒலிம்பிக்கில் சீனா ஆடிய ஏழு ஆட்டங்களில் ஜெயித்தது அது ஒன்றுதான். 2012 ஒலிம்பிக்கில் பேஸ்பால் கிடையாது என்று 2005-லேயே முடிவாகியிருந்தது. பெய்ஜிங் போட்டி முடிந்ததும், ஆட்டங்கள் நடந்த வூகேசோங் மைதானத்தையே பிரித்துவிட்டார்கள். ஒலிம்பிக் பதக்கத்தைப் பார்த்துப் பணம் இறங்கும் நாட்டில், பேஸ்பால் வீரருக்கு அதன்பின் என்ன வேலை?

நீங்கள் பையன்களைத் தேடிப் போனீர்கள். பெற்றோர் இல்லாதவர்கள், இருந்தும் வளர்க்க வழியில்லாதவர்கள். பெய்ஜிங் புறநகரில் தங்க வைத்து, சோறு போட்டு, கையில் பேட்டைக் கொடுத்தீர்கள். அந்த இடத்தையும் காலி செய்ய நேர்ந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறிடம் போய் மறுபடி ஆரம்பித்தீர்கள்.

படத்தில் நிங்சியாவிலிருந்து ஒரு பொடியன் வருகிறான். வந்த வேகத்தில் அடிதடி. நம் சினிமா என்றால் ஒரு பாட்டு முடிவதற்குள் திருந்தியிருப்பான். இவன் லேசில் மசியவில்லை. எழுபதைத் தாண்டிய பயிற்சியாளர் ஜாங் ஜின்ஷின் அவனை விட்டுவிடவும் இல்லை. அந்தப் பெரியவரை உடன் வைத்துக்கொண்டதற்குத் தனியாக ஒரு கும்பிடு.

பாவப்பட்ட பிள்ளை என்று யாருக்கும் சலுகை கொடுக்காத உங்கள் கறார்தான் எனக்கு மிகவும் பிடித்தது. பந்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். உங்களைத் தேசிய அணித் தலைவராக்கிய தொழில் எதுவோ, அதையே கழித்துக் குறைக்காமல் கற்றுக்கொடுத்தீர்கள். பத்து வயதுப் பையனின் பிழைப்பை ஒரு பேட்டோடு முடிச்சுப் போடலாமா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. நீங்களும் அதற்கு உத்தரவாதம் தருவதாகத் தெரியவில்லை. கேமராவை உள்ளே விட்டு, சண்டையும் அழுகையும் இருந்தபடியே பதிவாக விட்டீர்கள். அந்தத் துணிச்சலுக்கும் நன்றி.

அன்புடன்,
கிரிக்கெட் மட்டுமே தெரிந்த ஒரு ரசிகன்