கல்மண்டபத்தில் ஒரு ‘பல்’மண்டபம்!

‘‘கல்மண்டபம்லாம் இறங்கு... கல்மண்டபம்!’’

கண்டக்டர் சொல்லாவிட்டாலும் மூக்கு சொல்லிவிடும். காசிமேட்டுக் காற்று கொண்டுவரும் மீன் வாசனை, மார்க்கெட் வாசலில் மிதிபட்ட கொத்தமல்லி, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை... மூன்றும் கலந்து அடித்தால் அது எங்க ஏரியா! வடசென்னை என்றாலே சினிமாக்காரர்களுக்கு அரிவாள்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு ஆயுதம் வாய்தான் பாஸ். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த ராபின்சன் பூங்கா இதே ராயபுரத்தில்தான் இருக்கிறது. இன்றைக்கு அதற்கு அறிஞர் அண்ணா பூங்கா என்று பெயர். மேடைப் பேச்சோ, மீன் பேரமோ, எங்க ஆட்களை வாயால் ஜெயிக்க முடியாது.

அந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பார்த்தேன். ஒரு கையில் டார்ச், மறு கையில் ரெஜிஸ்டர்!

எங்கள் தெரு அக்கா ஒருத்தர் பி.டி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். அவர் கல்லூரியிலிருந்து கல்மண்டபம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இலவசப் பல் முகாம். ‘‘ரெஜிஸ்டர் எழுத ஆள் இல்லடா தம்பி, வர்றியா? மத்தியானம் பிரியாணி உண்டு’’ என்றார். மூன்றாம் வருட மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் மாணவன் வேறெதற்கு விழுவான்?

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பி.டி.எஸ். என்றால் எனக்கு அதுவரை இளக்காரம்தான். ப்ளஸ் டூ முடிக்கும்போது எங்கள் வகுப்பில் ஓடிய கணக்கு உங்களுக்கும் தெரிந்திருக்கும்... எம்.பி.பி.எஸ். கிடைத்தால் டாக்டர், தவறினால் பல் டாக்டர். ‘‘நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன். பல்லைப் புடுங்க அஞ்சு வருஷமா அக்கா?’’ என்று அன்று காலையில்கூடக் கேட்டேன்.

‘‘புடுங்கறதுக்கு அவ்ளோ நாள் வேணாம்டா. எதைப் புடுங்கக் கூடாதுன்னு தெரிஞ்சுக்கத்தான்’’ என்றபடி க்ளவுஸ் மாட்டிக்கொண்டார்.

முதல் அரை மணி நேரம் எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ‘‘மூணு ஆறு, டீப் கேரிஸ்... நாலு எட்டு, இம்பாக்டட்’’ என்று அக்கா அடுக்குகிறார். ஏதோ பஸ் ரூட் நம்பர் மாதிரி நான் எழுதிக்கொண்டே போகிறேன். பிறகுதான் சூட்சுமம் பிடிபட்டது. வாயை நாலு வட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பேஷன்ட்டின் வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. ஒவ்வொரு வட்டத்திலும் நடுப்பல்லில் தொடங்கி ஞானப்பல் வரை 1 முதல் 8. ஆக, 36 என்றால் இடது கீழ்த்தாடையின் ஆறாவது பல். உலகத்தின் பல நாட்டு டாக்டர்களுக்கும் இதே நம்பர்தான் புரியும். கோயம்பேட்டில் பஸ் தேடுவதைவிட ஈஸி!

அந்த 36-ம், எதிர்ப்பக்கத்து 46-ம் அன்றைக்கு என் ரெஜிஸ்டரில் சின்னப் பிள்ளைகள் பெயருக்கு நேரே திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தன. ஏன் என்று கேட்டேன். நிரந்தரப் பற்களில் முதலில் முளைக்கும் கடைவாய்ப்பல் அது. சுமார் ஆறு வயதில், பால் பல் எதுவும் விழாமலேயே வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். அம்மாக்கள் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ‘‘விழப்போற பல்லுதானேம்மா, வுடு’’ என்று ஒரு அம்மா கையை வீச, ‘‘ஆன்ட்டி, இது விழாது. அறுபது வயசு வரைக்கும் இவன் இதுலதான் மென்னு சாப்பிடணும்’’ என்று அக்கா அதே பாட்டை அன்று எத்தனை தடவை பாடினார் என்று எண்ணவில்லை.

இடையில் டீ. அப்போதுதான் அந்த ஐந்து வருடத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பாதி எங்க ஒர்க்‌ஷாப் சமாசாரம் என்பதுதான் ஷாக்! முதல் வருடம் எம்.பி.பி.எஸ். மாதிரியே அனாட்டமி, ஃபிசியாலஜி. கூடவே மெழுகுக் கட்டியில் பல் செதுக்கும் வேலை. மேடு, பள்ளம், வளைவு பிசகினால் ரெக்கார்டில் கையெழுத்து விழாது. இரண்டாம் வருடம் டென்டல் மெட்டீரியல்ஸ்... ஜிப்சம், அக்ரிலிக், உலோகக் கலவைகள். அச்செடுக்கும் அல்ஜினேட் கடற்பாசியிலிருந்து வருவதாம், நம்ம கடல் ஐட்டம்! அப்புறம் பொம்மைத் தலையில் பல் மாட்டி ஓட்டை போட்டுப் பழக வேண்டும். ஏரோட்டார் என்கிற அந்தக் ‘கொய்ங்’ மிஷின் நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். எங்க காலேஜ் லேத் மிஷின் அதைக் கேட்டால் வெட்கத்தில் நின்றே போய்விடும்.

மூன்றாம் வருடம் ஜெனரல் மெடிசின், ஜெனரல் சர்ஜரி என்று பொது ஆஸ்பத்திரி வார்டில் நிற்க வேண்டும். ஏன் என்பதை அன்றே கண்ணால் பார்த்தேன். ஈறில் ரத்தம் வருகிறது என்று வந்த பூக்கார அம்மாவிடம் அக்கா பல்லைப் பற்றி அப்புறம்தான் பேசினார். ‘‘ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? தாகம் எடுக்குதா?’’ விரலில் ஒரு குத்து. சர்க்கரை 300-ஐத் தாண்டியிருந்தது. அந்தம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். இன்னொருவர் ‘‘இப்பவே புடுங்கு’’ என்று நின்றார். அவர் சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்த அக்கா, ‘‘இது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை. ஹார்ட் டாக்டர்கிட்ட கேக்காம கை வைக்க மாட்டேன்’’ என்று சொல்லிவிட்டார்.

எங்க ஆயாவையும் இங்கே சொல்லியாக வேண்டும். இறுதியாண்டில் மாணவர்களுக்கு கேஸ் கணக்கு உண்டு. இத்தனை பல் அடைத்திருக்க வேண்டும், இத்தனை பல் செட் செய்திருக்க வேண்டும் என்று. அந்த வருடம் முழுக்க அக்கா பஸ்ஸில் ஏறும் பொக்கை வாய்ப் பாட்டிகளையெல்லாம் ஆசையோடு பார்ப்பார்! கடைசியில் சிக்கியது எங்க ஆயா. அச்செடுத்து, மெழுகில் தாடை உயரம் பார்த்து, பல் அடுக்கி, மாட்டிப் பார்த்து என்று அஞ்சாறு தடவை அலைந்தார்கள். மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக் மாவை அடைத்து வேக வைக்கிறார்கள். அட, நாங்கள் ஃபவுண்டரியில் செய்யும் மோல்டிங்கேதான்! ஒரே வித்தியாசம், எங்க வார்ப்பு ‘முறுக்கு கடிக்க முடியல’ என்று திட்டாது.

இந்தத் தொழில் படிப்பாக மாறியதே ரொம்பப் பழைய கதையில்லை. டாக்டர் ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் ஆரம்பித்ததுதான் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் 1953-ல், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் ஒரு பிரிவாகத் தொடங்கியதுதான் இன்றைய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி. கோட்டை ஸ்டேஷன் பக்கம் இருக்கிறது. அதற்கு முன்னாலும் பல் பிடுங்கினார்கள், கட்டினார்கள். அப்பாவிடமிருந்து பிள்ளை கற்றுக்கொண்டார். சென்னையில் சீனப் பல் டாக்டர் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பர்மா வழியாக வந்து சேர்ந்தவர்கள். தாத்தாவுக்குக் கைத்தொழில், பேரப்பிள்ளைக்கு பி.டி.எஸ். 1948-ல் வந்த பல் மருத்துவர் சட்டம் பட்டதாரிகளை ‘ஏ’ பிரிவிலும், பட்டம் இல்லாமல் குறைந்தது ஐந்து வருடமாகத் தொழில் செய்துகொண்டிருந்தவர்களை ‘பி’ பிரிவிலும் பதிவு செய்தது. கை வேலையில் அந்த ‘பி’ பிரிவுப் பெரியவர்கள் சிலரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது என்பார்கள். அப்புறம் டிகிரி எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பா வந்தார்.

எங்க பெரியப்பா காசிமேட்டில் ஐஸ் லோடு அடிப்பவர். விடியற்காலை இரண்டு மணிக்கு வேலை. தூக்கமும் பசியும் தெரியாமலிருக்க மாவா. சீவிய பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் போட்டுக் கசக்கி, பொட்டலத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாடு அரசு 2013-ல் தடை போட்டது. எங்க பக்கம் கேட்கிறவருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது.

‘‘இன்னாம்மா டாக்டரு... இந்தப் பல்லு ஆடிக்கினே கீது. புடுங்கி உட்டுட்டா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்.’’

‘‘வாயைத் திறங்க பெரிப்பா.’’

‘‘தொறந்துட்டேனேம்மா.’’

‘‘இன்னும்...’’

‘‘அவ்ளோதாம்மா!’’

அக்கா அவரது மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்த்தி வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்று போயிற்று. இரண்டாவது பாதியில் பல்லில் இடித்தது. நான் சும்மா என் வாயில் விட்டுப் பார்த்தேன். மூன்றும் சாதாரணமாகப் போனது.

டார்ச் என் கையில். கன்னத்தின் உட்புறம் ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டுமாம். பெரியப்பாவுக்கு வெளிறிப்போய், பழைய தோல்பெல்ட் மாதிரி விறைத்திருந்தது. அக்கா கண்ணாடியை நகர்த்தி கடைசிப் பல்லுக்குப் பின்னால் நிறுத்தினார். வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு.

‘‘இங்க வலிக்குதா?’’

‘‘இல்லியே. பல்லுதான் வலிக்குது.’’

‘‘காரம் சாப்பிட்டா எரியுதா?’’

‘‘அது ஒரு வருசமா கீது. சூட்டுக் கொப்புளம்.’’

ஒரு வருடமாக. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை அவர் ஒதுக்கிவிட்டுத் தயிர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டதை எதிரே உட்கார்ந்து பார்த்தவன் நான். ‘வயசாச்சு, காரம் குறைச்சுட்டார்’ என்று அம்மா சொல்ல, நானும் தலையாட்டியிருக்கிறேன்.

அக்கா பல்லைத் தொடவில்லை. ‘‘ஓரல் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’’ என்று எனக்கு ஸ்பெல்லிங் சொல்லி எழுத வைத்தார். பாக்கு மெல்லுவதால் கன்னத்துச் சதை நாராகி இறுகிவிடுகிறது. விட்டால் புற்றுநோயில் முடியக்கூடிய வியாதி. இதற்குப் புகையிலைகூட வேண்டாம். வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. இதெல்லாம் அக்கா எனக்கு அப்புறம் சொன்னது. பெரியப்பாவிடம் சொன்னது இவ்வளவுதான்: ‘‘அந்தத் திட்டுல இருந்து துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணணும் பெரிப்பா. மாவாவை இன்னியோட நிறுத்தணும். பல்லை அப்புறம் பாத்துக்கலாம்.’’

‘‘பல்லைப் புடுங்க வந்தா பரீட்சை வெக்கிறியே நீ! எங்க போவணும்? கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிக்கா?’’ ஸ்டான்லிக்கு எங்க பெரியவர்கள் இன்னும் அதே பழைய பெயர்தான்.

‘‘கோட்டை ஸ்டேஷன்கிட்ட, பல் ஆஸ்பத்திரி. தம்பி கூட்டினு வருவான்.’’

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனபிறகு அக்கா க்ளவுஸைக் கழற்றினார். கை லேசாக நடுங்கியது. ‘‘ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, வலிக்காத திட்டு... இதைத் தேடத்தான் முதல்ல சொல்லிக் குடுப்பாங்க. பேஷன்ட்டு எந்தப் பல்லைக் காட்டினாலும் நாக்குக்கு அடியில, கன்னம், அண்ணம், கழுத்துன்னு எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் அந்தப் பல்லுக்கு வரணும். எப்படிச் சொல்றதுன்னுகூட க்ளாஸ் உண்டு. சொந்தத் தெரு ஆளுக்குச் சொல்றதுக்குத்தான் ப்ராக்டிக்கல் கிடையாது.’’

பிரியாணி வந்தது. இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

பி.டி.எஸ். முடித்தவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்து க்ளினிக் போடலாம், நீட் எழுதி எம்.டி.எஸ். போகலாம், அரசு வேலைக்கு முயற்சிக்கலாம். தடயவியல் பக்கம்கூடப் போகலாம். 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்துபோன வெளிநாட்டவர்கள் பலரைப் பல் ரெக்கார்டை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். அதே அலை எங்க காசிமேட்டையும் அடித்தது. இங்கே யாருக்கு பல் ரெக்கார்ட் இருந்தது?

செவ்வாய்க்கிழமை பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பாரீஸ் தாண்டும்வரை வாய் ஓயவில்லை. கண்டக்டரோடு சில்லறைச் சண்டை, கன்டெய்னர் லாரிக்காரனுக்கு ஒரு திட்டு, ‘‘பல்லை எப்போதாண்டா புடுங்குவாங்க?’’ என்று என்னிடம் நாலு தடவை. ஓ.பி. சீட்டு, வரிசை, ரத்தப் பரிசோதனை, மறுபடி வரிசை. உள்ளே போன கால் மணி நேரத்தில் வெளியே வந்தார். தையல் போட்ட இடத்தில் பஞ்சைக் கடித்துக்கொண்டு பேசாமலிருக்கச் சொல்லியிருந்தார்கள். ரிசல்ட் அடுத்த வாரம்.

திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இடுப்பில் லுங்கி மடிப்புக்குக் கை இரண்டு தடவை போயிற்று. இரண்டு தடவையும் சும்மா திரும்பி வந்தது.

‘‘கல்மண்டபம்லாம் இறங்கு!’’

எனக்கு முன்னால் அவர் இறங்கினார். பொட்டிக்கடைக்காரர் ‘‘இன்னா நைனா, ஆளையே காணோம்?’’ என்று கேட்டதற்கு, பெரியப்பா வாயைக் காட்டிக் கையை ஆட்டிவிட்டுத் தெருவுக்குள் திரும்பிவிட்டார்.