வட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை

பலர் ஒருங்கே புழங்கும் கணினியில் ஒருவருடைய கவனமின்மையால் வட்டு முழுவதும் நிரம்பி, மற்றவர் எவரும் ஒரு வரியைக்கூடச் சேமிக்க இயலாமல் தவிக்கும் நிலையைத் தவிர்க்கும்பொருட்டு, மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் எல்ஸ் வகுத்த, ஒவ்வொருவருக்கும் இட வரம்பு விதிக்கும் ‘கோட்டா’ ஏற்பாடு, 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி யூனிக்ஸில் இடம்பெற்றது. இன்றைய லினக்ஸ் சர்வர்களிலும் அந்தக் கோட்டா முறையின் சாரம் மாறவில்லை.

அதில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது, எல்லை ஒன்றாக இல்லாமல் இரண்டாக இருப்பதே. முதல் எல்லையைக் கடந்தவருக்கு உடனே தண்டனை இல்லை. வழக்கமாக 7 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் வேண்டாதவற்றை நீக்கத் தவறினால்தான் மேலும் இடம் பெறும் உரிமை நின்றுபோகிறது. இரண்டாவது எல்லையோ எக்காலத்தும் கடக்க முடியாதது. ஆய்வின் கடைசி இரவில் சற்று அதிக இடம் வேண்டி நிற்கும் மாணவரையும், பிறர் பங்கை நிரந்தரமாக அபகரிப்பவரையும் ஒன்றாகப் பாவிக்காத இந்த விவேகம் சாமானியமானதன்று.

கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தனி வரம்பு அவசியம். அற்ப அளவுள்ள கோப்புகள் லட்சக்கணக்கில் பெருகினால், இஎக்ஸ்டி4 போன்ற கோப்பு அமைப்பில், வட்டில் இடமிருக்கும்போதே, ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டியிருக்கும் ஐநோடு எனும் பதிவுகள் தீர்ந்துவிடக்கூடும்.

வரம்பு விதிக்குமுன் ரெப்கோட்டா என்னும் கட்டளை தரும் அறிக்கையால் அவரவர் உபயோகத்தை அறிந்து, அவர்களுக்கு முன்கூட்டியே தெரிவிப்பதை நிர்வாகியின் கடமை என்றே கருதுகிறேன். வேலையின் நடுவே சேமிப்பு மறுக்கப்படுபவர், காரணம் வரம்பா, வட்டின் பழுதா என்று விளங்காமல் திகைக்க நேர்வது அநியாயம்.