சர்ப்ப பெல்ட்டு மாத்தின கதை

மக்களே, இது கார் மேட்டர். கார் இல்லாதவங்க பாதியைத் தாண்டிப் போனாலும் கோச்சுக்க மாட்டேன் :-)

பானெட்டைத் திறந்தா இன்ஜினோட ஒரு பக்கத்துல கறுப்பா ஒரு ரப்பர் பெல்ட் நாலஞ்சு புல்லியைச் சுத்தி நெளிஞ்சு போகும். அதான் செர்பன்டைன் பெல்ட். பாம்பு மாதிரி வளையறதால அந்தப் பேரு. எங்க எம்.கே.பி. நகர் மெக்கானிக்குங்க வாயில இன்னும் 'ஃபேன் பெல்ட்'தான். அம்பாசடர், பத்மினி காலத்துல ரேடியேட்டர் ஃபேனைச் சுத்தினது ஒரு வி பெல்ட். இப்ப ஃபேனுக்குத் தனி மோட்டார் வந்தாச்சு, பேரு மட்டும் போக மாட்டேங்குது. 1979 ஃபோர்டு மஸ்டாங்ல வந்த பிறகுதான் எல்லாத்துக்கும் ஒரே பெல்ட்டுங்கற ஏற்பாடு பரவுச்சு. வசதிதான். ஆனா அறுந்தா ஆல்டர்னேட்டர், ஏ.சி., என் வண்டியில வாட்டர் பம்ப்பும் சேர்த்து, எல்லாம் ஒரே நேரத்துல படுத்துடும். பம்ப் நின்னா இன்ஜின் கொதிச்சு ஹெட் கேஸ்கட் வரைக்கும் வேலை வைக்கும்.

எனக்குக் காசு ரெண்டாம்பட்சம். அம்மாவுக்கு திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். விடிகாலை 5 மணிக்கு கிளம்பணும். போறப்ப ஆட்டோவுல கூட போயிடலாம். திரும்பறப்ப அவங்களால உட்கார முடியாது, பின் சீட்டுல படுக்க வச்சுதான் கூட்டிட்டு வரணும். பேசின் பிரிட்ஜ் மேல பெல்ட் அறுந்து நிக்கறதை நினைச்சாலே வயித்தைக் கலக்குது.

சத்தத்தை முதல்ல கேட்டது அப்பா. பி அண்ட் சி மில்லுல ஃபிட்டர். 1918-ல மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது, 1921 ஸ்டிரைக்கு, 1996-ல மூடினது எல்லாம் எனக்குப் படிச்சுத் தெரிஞ்ச சமாச்சாரம். அவருக்கு அந்த மில் காதுல இருக்கு. "விட்டு விட்டு கீச்சு கீச்சுனா புல்லி கோணல். நீட்டி இழுத்தா பெல்ட்டு வழுக்குது" என்றார்.

இதுக்கு ஒரு சோதனை உண்டு. இன்ஜின் ஓடறப்ப பெல்ட்டோட வரி இருக்கற பக்கத்துல லேசா தண்ணி ஸ்பிரே பண்ணணும் (கை, சட்டை நுனி, துண்டு எதுவும் கிட்ட போகக்கூடாது). சத்தம் கொஞ்ச நேரம் அடங்கினா புல்லிங்க நேர்கோட்டுல இல்லை. அதிகமானா இழுவிசை பத்தலை. நம்மளுது அதிகமாச்சு. சோப்பு, மெழுகுவர்த்தி தேய்க்கற வைத்தியம் எல்லாம் வேணாங்க, அழுக்கு சேர்றதுதான் மிச்சம்.

பெல்ட் வாங்கறப்ப அது மேல இருக்கற எண்ணைப் பாருங்க. 6 பி.கே. 1230-னு இருந்தா, 6 வரி, பி.கே. அந்த வரியோட வகை, 1230 மில்லிமீட்டர் நீளம். இன்னொண்ணு, பழைய நியோப்ரீன் பெல்ட்ல விரிசல் விடும், பார்த்ததும் தெரியும். இப்ப வர்ற ஈ.பி.டி.எம். ரப்பர் அவ்வளவா விரிசல் விடாது, உள்ள வரி மட்டும் தேயும். பார்க்க நல்லா இருக்கேனு ஏமாந்துடக் கூடாது. சனிக்கிழமையே ஜி.பி. ரோடு போய் வாங்கிட்டேன்.

ஞாயிறு காலையில வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, பெல்ட் போற வழியை போன்ல படம் எடுத்து, டென்ஷனரை ஸ்பானரால திருப்பினா பெல்ட் தளர்ந்து கையில வந்துடுச்சு. பத்து நிமிஷம். புதுசை மாட்டப் போனேன்.

"இருடா. ஒவ்வொரு புல்லியா கையால சுத்து."

பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்தபடியே அப்பா. சுத்தினேன். ஐட்லர் புல்லி மட்டும் மணல் போட்ட மாதிரி கரகரன்னுச்சு. பேரிங் போச்சு. இது மேல புது பெல்ட் போட்டிருந்தா எத்தனை நாள் தாங்கியிருக்குமோ. ஞாயித்துக்கிழமை ஜி.பி. ரோட்டுல எந்தக் கடை திறந்திருக்கும்?

பேரிங்கைத் தட்டி எடுத்து, துடைச்சுப் பார்த்தா 6203. அப்பா முகத்துல ஒரு வெளிச்சம். "இது மோட்டார்ல எல்லாம் வர்றதுதான்டா." எருக்கஞ்சேரி ரோட்டுல மோட்டார் ரீவைண்டிங் பண்றவர் வீட்டைத் தட்டி, மன்னிப்பு கேட்டு, ஒண்ணு வாங்கி வந்தேன்.

சுத்தியலை என்கிட்ட தரலை. கை நடுங்குது, ஆனாலும் தரலை. பேரிங்கோட வெளி வளையத்து மேல ஒரு பாக்ஸ் ஸ்பானர் குப்பியை வச்சு, சுத்தி சுத்தி மெதுவா தட்டினார். "உள் வளையத்துல அடி விழுந்தா குண்டு காலி." உட்கார்ந்ததும் விரலால ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாம சுத்துச்சு. காதுகிட்ட வச்சு ரெண்டாவது தடவை சுண்டினார். அது எதுக்குனு நான் கேக்கலை.

"இது ஒப்பேத்தல்தான். இன்ஜின் சூட்டுக்கு இந்த கிரீஸ் தாங்காது. நாளைக்கே புது ஐட்லர் வாங்கிடு" என்று கண்டிஷன் வேற.

திங்கள் காலை பேசின் பிரிட்ஜ் தாண்டினோம். பின்னாடி இருந்து அம்மா, "இன்னாடா, சத்தத்தையே காணோம்?"

"அப்பா மாத்திட்டாரும்மா."

"அவரா? வீட்டுல ஃபேன் ஆறு மாசமா கத்துதுன்னு சொல்லு."