லண்டனுக்குக் கிழக்கே ஒரு வீடு

லண்டன் என்றதும் நமக்கு அரண்மனையும் மணிக்கூண்டும்தான் நினைவுக்கு வரும். அங்கே தினமும் வேலைக்கு ஓடுகிறவர்கள் குடியிருப்பது எங்கே? வெஸ்ட்மின்ஸ்டரில் ரயில் ஏறினேன். கிழக்கே ஏறக்குறைய முக்கால் மணிப் பயணம். பெக்கன்ட்ரீயில் இறங்கினேன்.

தெருத் தெருவாக, ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீடுகள்! நெரிசலில் அவதிப்பட்ட தொழிலாளர் குடும்பங்களுக்காக லண்டன் கவுண்டி கவுன்ஸில் 1921ல் கட்ட ஆரம்பித்தது. மொத்தம் சுமார் 26,000 வீடுகள். வீட்டுக்குள்ளேயே குளியலறை, பின்புறம் தோட்டம். அந்நாளில் அது பெரும் பாக்கியம். முன்வாசல் வேலிச் செடியை ஒழுங்காகக் கத்தரிக்க வேண்டுமென்று குடியிருப்போருக்கு விதியே இருந்ததாம்!

நான் தங்கிய வீட்டு அம்மாள் விடியற்காலையிலேயே ரயிலுக்குக் கிளம்பி விடுகிறார். "நகரத்துக்குள் வாடகை கொடுத்து மாளாது. இங்கே பணம் மிச்சம், பொழுதுதான் செலவு" என்று சிரித்தார். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும். தம் தோட்டத்தை வெளிச்சத்தில் பார்ப்பது சனி, ஞாயிறுகளில்தான்.

குடியிருந்த வீட்டைச் சலுகை விலையில் வாங்கலாமென்று 1980ல் சட்டம் வந்ததும், அவருடைய தாயார் இதை வாங்கினாராம். விற்ற வீடுகளுக்கு ஈடாகப் போதிய புது வீடுகள் எழவில்லை. இன்று இதே தெருவில் வீடு வாங்க மகளின் சம்பளம் போதாது. "இன்னும் கிழக்கே போக வேண்டியதுதான்" என்று பெருமூச்சு விட்டார் அம்மாள்.

ஞாயிறு காலை தாயும் மகளும் வேலிச் செடியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்போதுதான் யாரும் கேட்பதில்லையே?" என்றேன்.

"பாட்டி இருந்தால் கேட்பாள்!" என்றாள் மகள்.